ஆஃபர் லெட்டர் ஆங்கிலம்: கையெழுத்துக்கு முன் ஐந்து சொற்கள்

ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைச்சாச்சு. ஆஃபர் லெட்டரும் வாட்ஸ்அப்பில் வந்தாச்சு. மூன்று பக்கமும் ஆங்கிலம். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் சேரணும் என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள்தான் நம்மில் அதிகம்.

கைக்கடிகாரம், பைக், லாரி என்று பலதும் தயாராகும் ஊர் ஓசூர். ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் காதில் விழும். ஆனால் வேலைக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. செல்போன் அகராதியில் பார்த்தால் போதாதா? போதாது. ஒரு சொல் எந்த வாக்கியத்தில் நிற்கிறது என்று பார்த்தால்தான் அதன் விளைவு புரியும். அதனால் ஐந்து சொற்களை வாக்கியத்தோடு படிப்போம், வாங்க.

1. ஸ்டைபெண்ட்

வாக்கியம்: "யூ வில் பி பெய்ட் எ மன்த்லி ஸ்டைபெண்ட்."

பொருள்: பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் தரும் உதவித்தொகை.

சேலரி, வேஜஸ் என்றால் வேலைக்கான ஊதியம். ஸ்டைபெண்ட் அப்படி அல்ல. 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி அப்ரெண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை உண்டு என்று யாராவது வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்கணும். ஐ.டி.ஐ. முடித்துச் சேர்பவர்கள் முதலில் தேட வேண்டிய சொல் இது.

2. ப்ரொபேஷன்

வாக்கியம்: "யூ வில் பி ஆன் ப்ரொபேஷன் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்."

பொருள்: தகுதிகாண் பருவம். அகராதி 'நன்னடத்தைக் காலம்' என்றும் காட்டும். அது நீதிமன்றத்தில் வரும் பொருள், பயப்பட வேண்டாம்.

இதே பத்தியில் 'எக்ஸ்டெண்ட்' என்ற சொல் இருக்கிறதா பாருங்க. இருந்தால் அந்த ஆறு மாதம் நீளலாம். எவ்வளவு நீண்டாலும் ஒரு கணக்கை மறக்காதீங்க: 1981-ஆம் ஆண்டு தமிழ்நாடு நிரந்தரத் தகுதிச் சட்டம் பொருந்தும் தொழிற்சாலைகளில், 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும்.

இது தமிழ்நாட்டுச் சட்டம். வீடு ஓசூரில் இருந்தாலும், தொழிற்சாலை அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் இருந்தால் இது பொருந்தாது. பி.எஃப். மத்திய அரசின் திட்டம் என்பதால் உங்க 12 இலக்க யு.ஏ.என். எண் எல்லை தாண்டினாலும் மாறாது. புதுக் கம்பெனியிலும் அதே எண்ணைக் கொடுங்க.

3. சி.டி.சி.

வாக்கியம்: "யுவர் சி.டி.சி. இன்க்ளூட்ஸ் எம்ப்ளாயர் கான்ட்ரிப்யூஷன்."

பொருள்: உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. கைக்கு வரும் சம்பளம் இது அல்ல.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய், வேறு படிகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்க பங்காக பி.எஃப். 12 சதவீதம் 1,680 ரூபாயும், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 105 ரூபாயும் பிடிப்பார்கள். கைக்கு வருவது 12,215. நிறுவனம் தன் பங்காக பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 455 கட்டும். அதையும் 14,000-த்தோடு கூட்டினால் 16,135. கடிதத்தில் தெரிவது 16,135. அக்கவுன்ட்டில் ஏறுவது 12,215. வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

4. பிரின்சிபல் எம்ப்ளாயர்

வாக்கியம்: "யூ வில் பி டெப்ளாய்ட் அட் தி பிரிமைசஸ் ஆஃப் தி பிரின்சிபல் எம்ப்ளாயர்."

பொருள்: முதன்மை வேலையளிப்பவர். அதாவது, கான்ட்ராக்டர் உங்களை எந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்புகிறாரோ அந்த நிறுவனம்.

இந்த வாக்கியம் இருந்தால் உங்களை வேலைக்கு எடுத்தவர் கான்ட்ராக்டர் என்று அர்த்தம், யூனிஃபார்மில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி. கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு பிரின்சிபல் எம்ப்ளாயருக்கு உண்டு. இரண்டு பெயரையும் குறித்து வைங்க.

5. வாலன்டரிலி

வாக்கியம்: "ஐ ஹியர்பை வாலன்டரிலி ரிசைன்."

பொருள்: நானே விரும்பி வேலையை விடுகிறேன்.

ஐந்தில் விலை அதிகமான சொல் இதுதான். ஆள்குறைப்புக்கு ஆங்கிலத்தில் ரெட்ரென்ச்மென்ட் என்று பெயர். ஓர் ஆண்டாவது தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை ஆள்குறைப்பு செய்தால் முன்னறிவிப்பு தரணும். முடிந்த ஒவ்வொரு பணி ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் தரணும். ஆறு ஆண்டு என்றால் 90 நாள் ஊதியம். அதே ஆள் 'வாலன்டரிலி' என்ற தாளில் கையெழுத்துப் போட்டால், அது அவராக விலகியதாகிவிடும். அந்த இழப்பீட்டைக் கேட்க வழி அடைபடும். வேலையை விட நீங்களாக முடிவு செய்யாதபோது இந்தத் தாள் நீட்டப்பட்டால், "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்க.

செல்போனில் செய்ய வேண்டியவை

• கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைங்க. மொழிபெயர்ப்பு ஆப் மேலோட்டமாகப் புரிந்துகொள்ள உதவும்; அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க.
• புரியாத வாக்கியத்தை அப்படியே எழுதி, ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் விளக்கம் கேளுங்க. வரும் பதில் எழுத்தில் இருக்கும்.
• சேர்ந்த பிறகு, பி.எஃப். பணம் ஏறுகிறதா என்று உமங் செயலியில் பாஸ்புக்கைப் பாருங்க.
• பிரச்சினை என்றால் சட்ட உதவிக்கு 15100 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

இன்றைய பயிற்சி: வீட்டில் யாருடைய வேலைக் கடிதம் இருந்தாலும் எடுங்க. இந்த ஐந்து சொற்களில் எவை அதில் இருக்கின்றன என்று தேடி, அந்த வாக்கியங்களை உங்க சொந்தத் தமிழில் எழுதிப் பாருங்க. எழுத முடியாத வாக்கியம்தான் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.