குச்சி பிடிக்க வரும் மாளிகாவத்தைப் பிள்ளைகளுக்கு

தம்பிமாரும், இப்போதெல்லாம் தங்கச்சிமாரும் ட்ரம்ஸ் பழக வருகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ரொக் வாசிக்க எத்தனை மாதம் பிடிக்கும் என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. ரொக்கை மட்டும் நம்பிக் கொழும்பில் அடுப்பெரிவது கஷ்டம். வெள்ளி இரவு ஹோட்டலில் ரொக், சனி கலியாண வீட்டில் பைலா, இடையில் ஸ்டூடியோவில் ஒரு பக்திப் பாட்டு. நம் தொழில் இப்படித்தான் ஓடுகிறது. அதற்கு வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

1. யூடியூபைத் திறக்குமுன் தெருவைக் கேளுங்கள். கெத்தாராம மைதானம் நம் வாசலில் இருக்கிறது. மட்ச் நாளில் பப்பரே கோஷ்டி ட்ரம்பெட்டோடு வந்து இறங்கினால், அதில் மேளம் அடிப்பவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். மைக் இல்லாமல், மணிக்கணக்காக, ஆயிரக்கணக்கான சனத்தை ஒரே காலத்தில் கைதட்ட வைக்கிறாரே, அது எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத வித்தை. சென்னையில் ட்ரம்மர் சிவமணி செய்ததும் இதைத்தான். 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது சென்னை சூப்பர் கிங்ஸுக்காக மைதானத்தில் இருந்து வாசித்தவர் அவர். அப்பா எஸ்.எம். ஆனந்தனும் ட்ரம்மர். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மேடையில் வளர்ந்து, ரஹ்மான், ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு ‘ரூட்ஸ்’ பேண்டில் வாசித்து, பிறகு ரஹ்மானின் பாட்டுகளுக்குள் போனார். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் உடுக்கை, கஞ்சிரா, கடம் எல்லாம் வைத்திருப்பார். ஒரு சூட்கேஸைத் தட்டியே மேடையை நிறைப்பார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் வாசிப்பதைக் கேட்டால் சென்னைத் தெரு கேட்கும். உங்கள் வாசிப்பில் மாளிகாவத்தை கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

2. பைலாவை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ரொக் படித்த பிள்ளைகள் பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். போர்த்துக்கேயரும் ஆபிரிக்கக் காப்பிரிகளும் விட்டுப்போன கஃபிரிஞ்ஞாவிலிருந்து, பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் வழியாக நம் கலியாண வீடுகளுக்கு வந்தது அது. அதன் ஆறு அட்சரத்தை மூன்று மூன்றாகவும் எண்ணலாம், இரண்டிரண்டாகவும் எண்ணலாம். காலில் ஒரு கணக்கும் கையில் மற்றக் கணக்கும் ஓடும்போதுதான் ஆடுகிறவர்களின் இடுப்பு அசைகிறது. தவில், மிருதங்கம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் திஸ்ர நடை புதிதில்லை. அந்தக் காதோடு பைலாவுக்குள் போங்கள்.

3. மெல்லிய சத்தத்தில் வாசிக்கப் பழகுங்கள். தொடர்மாடியில் இருக்கும் பிள்ளைக்கு ட்ரம்ஸ் வைக்க இடமில்லை என்று மனம் சோர வேண்டாம். ரப்பர் பேட் போதும். ஸ்டூடியோ மைக்குக்கு முன்னால் கேட்கப்படுவது பலமல்ல, கட்டுப்பாடு. டோட்டோ குழுவின் ‘ரோஸானா’ 1982இல் வந்தது. அதில் ஜெஃப் போர்காரோவின் இடது கையைக் கவனியுங்கள். வலது கை ஹை-ஹட்டில் மும்மையின் (ட்ரிப்லெட்) முதலடியையும் கடைசியடியையும் வைக்கிறது. நடு அடியை இடது குச்சி ஸ்நேரில் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டுப் போகிறது, தோலை விட்டு எழும்பியதே தெரியாது. மூன்றாம் எண்ணிக்கையில் மட்டும் அதே கை ஓங்கி விழுகிறது. பாட்டின் ஓட்டமே அந்த மெல்லடிகளில்தான் இருக்கிறது. இந்த அடி, பேர்னார்ட் பேர்டி என்ற ட்ரம்மரிடமும் லெட் செப்பலின் ஜோன் பொன்ஹமிடமும் எடுத்துக் கலந்தது என்று போர்காரோ வாய்திறந்து சொன்னார். நீங்களும் யாரிடம் எடுத்தீர்களோ அவர் பெயரைச் சொல்லுங்கள். அவர் பக்கத்து வீட்டு றபான்காரராக இருந்தாலும்.

பாங்கு சொல்லும் நேரத்தில் பேட்டையும் நிறுத்திவிடுங்கள். அயலவர் மனம் உங்கள் பக்கம் இருந்தால்தான் நாளைக்கும் பழகலாம்.

4. மெட்ரோனோம் கிளிக்கோடு வாசியுங்கள். அறுபதில் வையுங்கள், வேகம் தானாக வரும்.

5. தோலுக்கு ஈரம் ஆகாது. றபானையும் தஃபையும் வாசிக்குமுன் தணலில் காட்டுவது ஏன் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஈரக் காற்றில் ஆட்டுத்தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். 1950களில் பிளாஸ்டிக் தோல் வந்ததிலிருந்து ட்ரம்ஸுக்கு அந்தக் கவலை குறைந்தது. ஆனால் வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றில் ஆணிகள் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள், ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

6. காசைப் போகுமுன் பேசுங்கள். எத்தனை பாட்டு, எத்தனை மணித்தியாலம், ஓட்டோக் காசு யார் தருவது, எல்லாம் முதலிலேயே. கூச்சப்பட வேண்டாம். பெயரையும் கேளுங்கள். பழைய தமிழ்ப் பட கசெட் உறையில் இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும்தான் இருந்தன. இளையராஜாவின் பாட்டுகளில் ட்ரம்ஸ் வாசித்து, அவர் குழுவையும் நடத்திய புருஷோத்தமனின் கையை நாடே கேட்டது, பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? வாசித்தவர்களின் பெயரை உறையில் போடும் வழக்கத்தை ரஹ்மான் பெரிதாக்கினார். அது உங்கள் உரிமை.

7. காதில் அடைப்பான் போடுங்கள். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான் தாங்கும். சிறிய அறையில் ஸ்நேரின் ஓர் அடியே அதற்கு மேல் போகும். போன கேட்கும் திறன் திரும்பி வராது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

8. ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவுக்குப் போங்கள், எந்த மதப் பிள்ளையாக இருந்தாலும். தவில்காரரின் கைகளுக்கு நேரே நில்லுங்கள். வலது விரல்களில் கூடு, இடது கையில் குச்சி. இரண்டு கைக்கும் இரண்டு வேறு வேலை, ஒரே கணக்கு. 1975இல் மறைந்த யாழ்ப்பாணத்துத் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்து கேட்டார்கள். அவருடைய பதிவு கிடைத்தால் ரொக் கேட்பதுபோலச் சத்தமாகவே வைத்துக் கேளுங்கள். பிறகு ஒரு தீர்மானத்தை, அதாவது முடிப்புக் கோர்வையை மட்டும் எடுத்து, பேட்டில் இரண்டு குச்சியால் வாசித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.