நொய்யலும் நம் கூலியும்

 

2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கூலி நின்ற வீட்டில் நொய்யலைப் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்? ஆனால், ஒரத்துப்பாளையம் அணைப் பகுதியில் சாயக்கழிவால் நிலம் கெட்ட விவசாயிக்கும் அதே வயிறுதான். பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம். சுத்திகரிப்புக்குச் செலவாகும், அந்தச் சுமை கூலியாள் தலையில் மட்டும் விழுந்தால், அவர் ஆற்றின் பக்கம் நிற்கமாட்டார். எனவே, பட்டறை நடத்துவோர் கழிவை ஆற்றில் விடாதிருப்பது அமானிதம். வேலை நின்ற குடும்பங்களுக்கு ஸதகாவும் வட்டியில்லாக் கடனும் சேர்ப்பது நம் பொறுப்பு. அடுப்பு எரிந்தால்தான் ஆற்றுக்காகக் குரல் எழும்.