சூட்டுக்குறி வாசிக்கப் பழகுவோம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல பண்ணை மாடுகள் ஒரே மேய்ச்சல் நிலத்தில் கலந்து மேயும். எது யாருடையது? மாட்டின் தோலில் போட்ட சூட்டுக்குறிதான் சாட்சி. பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதை வாசிக்க, கன்னுக்குட்டிக்குச் சூடு போடும் நாளில் பெரியவங்க பக்கத்தில் நின்று கத்துக்கிறாங்க. நாமும் கொஞ்சம் பழகிப் பார்ப்போமா?

வாசிக்கும் வரிசை

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே. வட்டத்துக்குள் 'டி' இருந்தா 'வட்டம் டி'. 'ஆர்' எழுத்தின் மேல் சின்னப் படுக்கைக்கோடு இருந்தா 'பார் ஆர்'.

எழுத்து நிற்கும் விதத்துக்கும் பேர் உண்டு. பக்கவாட்டில் படுத்திருந்தா 'சோம்பேறி'. இறக்கை இருந்தா 'பறக்கும்', கால் இருந்தா 'நடக்கும்', அடியில் தொட்டில் மாதிரி வளைவு இருந்தா 'ஆடும்'. வளைந்து நெளிந்து எழுதினா 'ஓடும்'. டெக்சாஸின் கிங் ராஞ்ச் பண்ணையின் குறி 'ஓடும் டபிள்யூ'. அது 1869-ல் பதிவானது.

விதி மட்டும் போதாது

படுத்திருக்கும் 'எச்', பார்க்க 'ஐ' மாதிரியே இருக்கும். அப்போ எது சரி? குறிக்குச் சொந்தக்காரர் என்ன பேர் சொல்றாரோ அதுதான். அதனாலதான் குடும்பத்துக்காரங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும். உடம்பில் எந்த இடம் என்பதும் குறியில் சேர்த்தி. இடது தொடையில் ஒருத்தர் வெச்ச அதே குறி, வலது விலாவில் இன்னொருத்தருடையதா இருக்கலாம்.

திருட்டும் எச்சரிக்கையும்

திருடர்கள் குறியைத் திருத்துவாங்க. 'சி'யை மூடினா 'ஓ'. 'பி'க்கு ஒரு கால் சேர்த்தா 'ஆர்'. ஆகவே குறியைத் தேர்ந்தெடுக்கும்போதே, "இதில் ஒரு கோடு சேர்த்தா வேறென்ன ஆகும்?" என்று வரைந்து பார்ப்பாங்க. குறுகலான மூலைகள் இருந்தா சூடு பரவி, தழும்பு மொத்தையாகி, வாசிக்கவே முடியாது.

குறி போட்டா மட்டும் உரிமை வந்துடாது, பதிவேட்டில் இருக்கணும். டெக்சாஸில் கவுன்டி அலுவலகத்திலும், மொன்டானாவில் மாநில அளவிலும் பதிவு செய்யறாங்க. இரண்டிலும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பதிவான குறி ஒரு சொத்து. விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம்.

நமக்கு என்ன பாடம்?

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதை வேண்டாம். சூடு மாட்டுக்கு வலி. பத்து மாடு வைத்திருக்கும் நமக்கு அது தேவையும் இல்லை. நமக்குக் காதில் போடும் மஞ்சள் வில்லை இருக்கு, அதில் 12 இலக்க எண். ஆனா வில்லை அறுந்து விழுந்துட்டா? சந்தையில் தகராறு வந்தா என்ன காட்டுவோம்? எண், நிறம், சுழி, கொம்பின் அமைப்பு, ஈன்ற தேதி எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பக்கமும் எடுத்த படத்தோட வையுங்க. வீட்டுப் பிள்ளைகளையும் கூட உட்கார வெச்சு எழுதுங்க. மாட்டை அடையாளம் சொல்லத் தெரிஞ்சவங்க வீட்டில் ஒருத்தருக்கு மேல் இருக்கணும்.

பயிற்சி: படுத்திருக்கும் 'எஸ்', அதன் கீழே ஒரு சின்னப் படுக்கைக்கோடு. எப்படி வாசிப்பீங்க?

விடை: சோம்பேறி எஸ் பார்.