இல்லமும் மின்சாரமும்

விழுப்புரம் மாவட்டத்து ஊர்களுள் கெடாரும் ஒன்று. 1993ஆம் ஆண்டு வரை இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளையும் நாடு இது. பகலெல்லாம் கழனியில் உழைத்த மக்கள் மாலையில் இல்லம் திரும்பிச் சுவிட்சைத் தட்டுகின்றனர். வீடு ஒளி பெறுகின்றது. திரி நறுக்கவும் சிம்னி துடைக்கவும் வேண்டியிருந்த அந்நாளைய வேலை இன்று இல்லை. ஆயினும் அகல்விளக்கை ஏற்றியவர்கள் நெருப்பின் இயல்பை நன்கு அறிந்திருந்தார்கள். சுவிட்சைத் தட்டுவோருள் மின்சாரத்தின் இயல்பை அறிந்தவர் எத்தனை பேர்?

தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு மின்சாரம் வந்த வரலாறு பெருமைக்குரியது. 1932ஆம் ஆண்டில் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937இல் மேட்டூரிலும், 1944இல் பாபநாசத்திலும் மின் நிலையங்கள் எழுந்தன. 1957ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் மாநில மின்சார வாரியம் அமைந்தது. 1962இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கலாயினர். வாரியம் 2010ஆம் ஆண்டில் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. எனினும் மக்கள் அதனை இன்றும் மின்வாரியம் என்றே வழங்குகின்றனர். மலையிலும் சுரங்கத்திலும் பிறந்த ஆற்றல், கம்பி வழியே வந்து குடிசையின் ஒற்றை விளக்கிலும் ஒளிர்கின்றது.

மின்சாரத்தின் இயல்பை உழவர் எளிதில் உணர்வர். ஏரியில் நீர் நிற்கும் உயரத்தை மின்னழுத்தத்திற்கு ஒப்பிடலாம். மதகு வழியே பாயும் நீர் மின்னோட்டம் போன்றது. வாய்க்காலின் குறுக்கம் மின்தடை போன்றது. அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும். தடை மிகுந்தால் ஓட்டம் குறையும். நம் இல்லங்களுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட் ஆகும். ஓட்டத்தை ஆம்பியர் என்னும் அளவால் குறிப்பர். 60 வாட் விளக்கு ஏறத்தாழ கால் ஆம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்கு மேல் பெறும்.

கம்பியில் மின்சாரம் பாயுங்கால் வெப்பம் பிறக்கின்றது. இவ்வெப்பம் ஓட்டத்தின் அளவில் ஏறாது, அதன் இருமடியாக ஏறும் என்பதை ஆங்கில அறிஞர் ஜூல் ஆராய்ந்து கண்டார். ஓட்டம் இரு மடங்காயின் வெப்பம் நான்கு மடங்காகும். ஓட்டம் நான்கு மடங்காயின் வெப்பம் பதினாறு மடங்காகும். ஓட்டம் அளவு மீறினால் சுவருக்குள் செல்லும் கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். இதனைத் தடுப்பதற்கே பியூஸ் கம்பி அமைக்கப்பட்டுள்ளது. மெல்லிய அக்கம்பி, மற்றைக் கம்பிகள் சூடேறுமுன் தான் உருகி அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். இதன் அருமையை அறியாதோர் அதனைத் தொல்லை எனக் கருதுவர்.

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை கொட்டிற்று. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழைக்குப் பின் கெடாரில் ஓர் எளிய இல்லத்தில் நிகழத்தக்கதைக் கருதுக.

மூன்று நாள்களுக்குப் பின் ஊருக்கு மின்சாரம் வருகின்றது. தெருவெல்லாம் விளக்கு எரிய, அவ்வில்லம் மட்டும் இருண்டு கிடக்கின்றது. பியூஸ் அறுந்துவிட்டது. வீட்டுத் தலைவர் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் புதிய கம்பி இடுகின்றார். சுவிட்சைப் போட்டதும் மீண்டும் அறுகின்றது. அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் பயில்பவள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. பக்கத்து வீட்டார் ஒருவர் வந்து பார்க்கின்றார்.

"இதற்கு ஏன் கவலை? மூன்று நான்கு இழைகளைச் சேர்த்து முறுக்கிப் போடுங்கள். அப்புறம் அறவே அறாது," என்கின்றார் அவர்.

தந்தையும் தடித்த கம்பியைக் கையில் எடுக்கின்றார். மகள் அவரைத் தடுக்கின்றாள்.

"வேண்டாம் அப்பா. ஒரு முறை அறுந்தால் தற்செயல் எனலாம். இரண்டாம் முறையும் அறுந்ததே! எங்கோ பழுது இருக்கின்றது. அதை அறிவிக்கின்ற வாயை நாமே அடைக்கலாமா?"

"உனக்குத் தேர்வு இருக்கின்றதே அம்மா. இருட்டில் எப்படிப் படிப்பாய்?"

"அரிக்கேன் விளக்கு இருக்கின்றது. இன்று ஓர் இரவுதானே!"

தந்தை தடித்த கம்பியைக் கீழே வைத்துவிடுகின்றார். மெயின் சுவிட்சு நிறுத்தப்பட்டபடியே இருக்கின்றது. மறுநாட் காலை, தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் ஒருவர் வந்து கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றார். முற்றத்து விளக்குக்குச் செல்லும் இரண்டு கம்பிகளும் காற்றில் ஆடி, தாழ்வாரத்து இரும்புச் சட்டத்தில் உராய்ந்து, மேலுறை தேய்ந்து கிடக்கின்றன. இரண்டும் அச்சட்டத்தின் வழியே ஒன்றையொன்று தொட்டமையால்தான் பியூஸ் அறுந்தது. துணி உலர்த்தும் கொடிக்கம்பியும் அதே சட்டத்தில் கட்டப்பட்டிருக்கின்றது.

"நல்ல வேளை ஐயா! தடித்த கம்பி போட்டிருந்தால் பியூஸ் அறாமல் நின்றிருக்கும். கம்பிகள் காய்ந்து கூரை எரிந்திருக்கலாம். இல்லையேல், திரும்பு கம்பி மட்டும் எரிந்து அறுந்து, சட்டத்திலும் கொடியிலும் மின்சாரம் ஏறி நின்றிருக்கும்," என்கின்றார் அவர்.

தந்தை பேசவில்லை. நாள்தோறும் விடியற்காலையில் ஈரத்துணியுடன் அக்கொடியைத் தொடுபவர் தம் மனைவி என்பதை அவர் எண்ணிப் பார்க்கின்றார்.

ஈண்டு மற்றோர் உண்மையையும் அறிதல் வேண்டும். பியூஸ் கம்பி வீட்டின் கம்பிகளைக் காக்குமேயன்றி மனிதனைக் காவாது. ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவிற்குக் குறையக்கூடும். அந்நிலையில் 230 வோல்ட் கம்பியைத் தொடுபவன் உடலில் 0.23 ஆம்பியர் பாயும். 5 ஆம்பியர் பியூஸுக்கு இஃது ஒரு பொருட்டன்று, அஃது அறாது. ஆனால் 0.03 ஆம்பியர் அளவைத் தாண்டிய ஓட்டமே இதயத்தின் துடிப்பைக் குலைத்துவிடக் கூடும். சிறிய விளக்கொன்றை எரிக்கும் மின்சாரம் ஓர் உயிரை அணைக்கப் போதுமானது.

இக்குறையை நீக்கும் கருவியும் உண்டு. மின்சாரம் மனித உடலை எவ்வாறு தாக்குகின்றது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். அவர் 1961ஆம் ஆண்டில் மின்கசிவைக் கண்டு உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். நம் நாட்டில் இவ்வகைக் கருவியை ஆர்.சி.சி.பி. என வழங்குகின்றனர். வாய்க்காலின் தலைமடையில் விட்ட நீர் முழுதும் கடைமடைக்கு வரவில்லையெனில், இடையில் உடைப்பு இருத்தல் வேண்டும் அன்றோ? அது போலவே வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இக்கருவி கண்காணிக்கின்றது. இல்லங்களுக்குரிய கருவி, அவ்வேறுபாடு 0.03 ஆம்பியரை எட்டினால் கண்ணிமைப் பொழுதில் மின்சாரத்தை நிறுத்திவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானைத் திங்கள் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் நன்று. அழுத்தியதும் மின்சாரம் நின்றால் கருவி பழுதின்றி உள்ளது என்பது பொருள்.

இல்லத்து மின்னிணைப்பில் சில முறைகள் தவறாது போற்றத்தக்கவை. மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறம் உடையது. திரும்பு கம்பி கறுப்பு. எர்த் என வழங்கும் நிலத்தொடர்புக் கம்பி பச்சை. சுவிட்சு, மின்சாரம் கொண்டுவரும் கம்பியிலேயே அமைதல் வேண்டும். திரும்பு கம்பியில் அமைந்துவிட்டால், சுவிட்சை நிறுத்தியபின் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். விளக்கு அணைந்ததே என நம்பித் தொட்டவன் ஏமாந்து போவான். விளக்கு, மின்விசிறி ஆகியவற்றிற்குரிய கிளை ஒன்றில் பத்து இணைப்புகளுக்கு மேலாகவோ 800 வாட்டுக்கு மேலாகவோ சேர்த்தல் ஆகாது.

மூன்று முனை பிளக்கில் ஒரு முனை மட்டும் நீண்டு பருத்திருப்பதைக் காணலாம். அதுவே எர்த் முனை. மற்றை இரண்டும் இணையுமுன் நிலத்தொடர்பு இணையவேண்டும் என்பதற்காகவே அது நீளமாக உள்ளது. பிற துளைகளில் புகாமல் இருக்கும்பொருட்டுப் பருமனாக உள்ளது. இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் முதலியவற்றின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அதனை மண்ணுக்குள் கொண்டு செல்வது இம்முனையின் பணி. அதனை முறித்துவிட்டு இரண்டு துளைப் பெட்டியில் செருகுவோர் தம் காவலனைத் தாமே விரட்டுகின்றனர். எர்த் குழியில் கரியும் உப்பும் இடுவது, மண் ஈரத்தைப் பற்றி மின்சாரத்தை எளிதில் ஏற்பதற்காகவே. ஆகலின் கோடைக்காலத்தில் அக்குழிக்கு நீர் ஊற்றுதல் வேண்டும்.

வீட்டார் தாமே செய்யத்தக்க பணிகளும் உள்ளன. விளக்கு மாற்றுதல், உரிய அளவுள்ள பியூஸ் கம்பி இடுதல், பிளக்கின் தளர்ந்த திருகுகளை முடுக்குதல் போன்றவற்றைக் கற்றுக்கொள்ளலாம். அவற்றைச் செய்யுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தல் வேண்டும். இன்வர்ட்டர் உள்ள வீட்டில், மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னும் சில கம்பிகளில் மின்சாரம் இருக்கும். ஆதலின் அதனையும் நிறுத்துதல் வேண்டும். பின்னர் டெஸ்டரால் சோதித்தல் வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, அஃது ஒளிர்வதைக் கண்டபின்னரே நம்பலாம். பழுதான டெஸ்டர் எங்கும் ஒளிராது. அது கண்டு மின்சாரம் இல்லை என முடிவு செய்தல் பேதைமை. ஈரக்கையும் வெறுங்காலும் இப்பணிக்கு ஆகா. உலர்ந்த மரப்பலகைமேல், இரப்பர்ச் செருப்பு அணிந்து நிற்றல் நலம்.

புதிய கம்பி இழுத்தல், எர்த் அமைத்தல், மெயின் பெட்டியைத் திருத்துதல் ஆகியவை தகுதிச் சான்று பெற்றோர் செய்யவேண்டியவை. மின்மானியும் அதன் முத்திரையும் கம்பத்துக் கம்பிகளும் மின்வாரியத்தார் மட்டுமே தொடத்தக்கவை. அறுந்து வீழ்ந்த கம்பியைக் கண்டால், அணுகாது, பிறரையும் அணுகவிடாது, உடனே மின்வாரியத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். காட்டுப் பன்றிகளை விலக்க வயல் வேலியில் மின்சாரம் பாய்ச்சுவோரும் உளர். அது சட்டப்படி குற்றம். பன்றிக்கு இட்ட வேலியில் அண்டை வயலாரும், சில வேளைகளில் இட்டவரே கூடவும் மாண்டதுண்டு.

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அன்பு மிகுதியால் ஓடிச்சென்று அவரைத் தொடுதல் ஆகாது. தொட்டவரும் உடன் வீழ்வர். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துதல் வேண்டும். அதற்கு இயலாதாயின் உலர்ந்த மரக்கொம்பால் கம்பியை விலக்கவேண்டும். பின்னர் 108 என்னும் எண்ணுக்குச் செய்தி சொல்லுதல் வேண்டும். மூச்சும் துடிப்பும் நின்றிருந்தால் நடு மார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். உதவி வரும்வரை இதனை நிறுத்தலாகாது. மின்சாரத்தால் பற்றிய தீயில் நீர் ஊற்றுதல் கூடாது. உலர்ந்த மணலையே கொட்டுதல் வேண்டும்.

மின்சாரம் நல்ல பணியாளன். அதன் இயல்பறிந்து ஏவுவார்க்கு இரவும் பகலும் பணி செய்யும். அதற்குப் பகையும் இல்லை, இரக்கமும் இல்லை. உரிய வழி காட்டினால் அவ்வழியே செல்லும்; வழி கெட்டால் மனித உடலையும் வழியாக்கிக்கொள்ளும். கெடாரின் அவ்வில்லத்தில் ஓர் இரவு விளக்கு எரியவில்லை. அதனால் தேர்வுக்குரிய ஒரு பாடம் அரிக்கேன் விளக்கொளியில் படிக்கப்பட்டது, அவ்வளவே. மறுநாள் காலையில் தாய் வழக்கம்போல் முற்றத்திற்கு வந்து துணி உலர்த்தினாள்.

பயிற்சி

1. பியூஸ் கம்பி எதனைக் காக்கின்றது? எதனைக் காவாது? காரணம் கூறுக.
2. ஆர்.சி.சி.பி. வேலை செய்யும் முறையை வாய்க்கால் உவமையால் விளக்குக.
3. தந்தை தடித்த கம்பியை இட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?
4. எர்த் முனை நீண்டும் பருத்தும் இருப்பது ஏன்?
5. உன் இல்லத்து மின்னிணைப்பை ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் பார்த்து, திருத்தவேண்டிய குறைகளைப் பட்டியலிடுக. எதனையும் தொடாதே.