வெள்ளத்தை வென்ற நெல்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடை ஒன்றின் முன் நின்று பாருங்கள். மட்ட அரிசியும் பொன்னி அரிசியும் அடுத்தடுத்து இருக்கும். நிறத்தையும் மணியின் நீளத்தையும் கண்ணால் காணலாம். அந்நெற்பயிர் வெள்ளத்தைத் தாங்குமா என்பதை அரிசியைக் கண்டு அறிய இயலாது.

பயிரின் உயரம், விளைச்சல், மணியின் எடை ஆகியவை அளந்து அறியப்படும் பண்புகள். இவற்றை அளவுசார் பண்புகள் என்பர். இவை ‘உண்டு’, ‘இல்லை’ என இரண்டாகப் பிரிவதில்லை. சிறிது சிறிதாக வேறுபடும். பல மரபணுக்களும் மண், நீர், வெயில் ஆகியனவும் சேர்ந்தே இவ்வேறுபாட்டை உண்டாக்குகின்றன. வெள்ளத்தைத் தாங்கும் திறனும் இத்தகையதே.

காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது இளம்பயிர் நீரில் மூழ்குவதுண்டு. மூழ்கிய பயிர் காற்றைத் தேடி விரைந்து நீளும். சேமித்த உணவைச் செலவழித்து நலிந்து மடியும். உழவரின் உழைப்பும் அதனோடு அழியும்.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்னும் நெல்லோ நீளாமல் அடங்கியிருந்து உணவைக் காக்கும். ஏறத்தாழ இரு வாரம் மூழ்கியும் பிழைக்கும். ஆயினும் அதன் விளைச்சல் குறைவு.

ஆய்வாளர்கள் அதன் வழிவந்த நெல்லைப் பிற நெல்லோடு கலந்து, பிறந்த பயிர்களை ஆராய்ந்தனர். ஒன்பதாம் குரோமோசோமில் குறிப்பிட்ட சில அடையாளங்களைப் பெற்ற பயிர்களே மிகுதியாக வெள்ளத்தைத் தாங்கின. இவ்வடையாளங்களே மரபுக் குறிப்பான்கள். குறிப்பான் ஒரு மைல்கல் போன்றது. மைல்கல் ஊர் ஆகாது. ஊர் அருகில் உள்ளது என்று காட்டுவது. அருகருகே உள்ள குறிப்பானும் மரபணுவும் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. 1996-இல் கண்டறியப்பட்ட அவ்விடத்திற்குச் ‘சப்1’ என்று பெயர்.

பின்னர், மிகுந்த விளைச்சல் தரும் சுவர்ணா நெல்லோடு அப்பண்பைச் சேர்த்தனர். ஒவ்வொரு தலைமுறையையும் வெள்ளத்தில் மூழ்க வைக்கவில்லை. நாற்றின் இலையிலேயே குறிப்பானைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தனர். சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டிற்கெனச் சி.ஆர்.1009 சப்1 உருவாயிற்று.

எல்லாப் பண்புகளும் இவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. சப்1 தனியே பெரும்பங்கு உடையது. விளைச்சலிலோ பல மரபணுக்கள் சிறு சிறு பங்கு கொள்கின்றன. ஒரு குறிப்பானை மட்டும் கண்டு பயிரின் முழு இயல்பையும் முடிவு செய்தல் தவறு.

அருஞ்சொற்பொருள்
படுகை – ஆறு பாயும் தாழ்நிலம்
நலிந்து – வலிமை குன்றி

வினாக்கள்
1. அளவுசார் பண்பு என்றால் என்ன?
2. குறிப்பானை மைல்கல்லோடு ஒப்பிடுவது ஏன்?
3. மூழ்கிய பயிர் விரைந்து நீள்வதால் மடிவது ஏன்?
4. உங்கள் வீட்டில் சமைக்கும் அரிசியின் பெயரைக் கேட்டறிந்து, அது விளையும் ஊரைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.