ஒறுத்தலிலும் ஒரு பெருமை

வாசகர்களே, ஒருசந்தியாயிருக்கும் நாளில் வீட்டார்மேல் எரிந்து விழுகின்றீர்களா? அப்படியாயின் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வரலாற்றைச் சற்றே கேளுங்கள்.

1521ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக்குண்டு அவருடைய காலை முறித்தது. ஆறியபின் முழங்காலின் கீழ் எலும்பொன்று துருத்தி நின்றது. இறுக்கமான சப்பாத்து அணிய அது தடை! வேதனை பொறுக்கமுடியாது என வைத்தியர் சொல்லியும் அதனை அறுத்தெடுக்கச் செய்தார். மயக்கமருந்து இல்லாத காலம் அது.

பின்னர் மனந்திரும்பினார். ஆனால், தம்மேல் இரக்கமற்ற அந்தப் பழைய வீரம் அவரை விடவில்லை. 1522இல் மன்ரேசாவில் தலைமயிரையும் நகங்களையும் வளரவிட்டார். நாளுக்கு ஏழு மணிநேரம் முழந்தாளில் செபித்தார். அர்ச்சிஷ்டவர்கள் செய்ததைத் தாமும் செய்யவேண்டும் என்பதே நினைவு. முன்பு சப்பாத்து, இப்போது தவம், அவ்வளவுதான் வித்தியாசம். பாவங்களைப் பற்றிய மனக்கலக்கம் தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோனது. அதை வெல்ல ஒரு வாரம் உண்ணாதிருந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவோ, உண்ணும்படி கட்டளையிட்டார்.

அவர் கீழ்ப்படிந்தார். கலக்கம் உடனே தீரவில்லை. தீர்ந்தபோது, அது தம் பலத்தாலன்று, ஆண்டவரின் இரக்கத்தால் என்று கண்டார். நகங்களையும் வெட்டினார்.

1548இல், தம்மைக் கடுமையாக வதைத்துவந்த பிரான்சிஸ் போர்ஜியாருக்கு இதே இஞ்ஞாசியார் கடிதம் எழுதினார்: நோன்பைக் குறைத்துக்கொள்ளும், உடலைப் பேணும், அதுவும் ஆண்டவருடையதே என்று.