கதவைத் திறந்த சபை

வேதபகுதி: உபாகமம் 19:1–10; லூக்கா 10:25–37; அப்போஸ்தலர் 5:17–42

அரசுக்கு அடங்கி நடப்பதும் வரி செலுத்துவதும் விசுவாசியின் கடமை என்று பவுல் ரோமாபுரியின் சபைக்கு எழுதினார் (ரோமர் 13:1–7). எருசலேமிலோ, போதிக்கக் கூடாது என்று ஆலோசனைச் சங்கம் தடை விதித்தபோது, மனுஷருடைய கட்டளையைவிடத் தேவனுடைய கட்டளையே பெரிது என்று அப்போஸ்தலர் அறிக்கையிட்டார்கள். கீழ்ப்படிதலின் எல்லை எங்கே முடிகிறது? அந்த எல்லையில் நிற்கவேண்டிய நாளில் நிற்பதற்கான பெலன் எங்கிருந்து வருகிறது? இரண்டாம் உலகப்போரின்போது பிரான்சு தேசத்தின் ஒரு மலைக்கிராமச் சபை இக்கேள்விகளுக்குத் தன் வாழ்வினால் விடை அளித்தது.

1. உபத்திரவத்தை மறவாத ஜனம்

பிரான்சின் தென்நடுப் பகுதியில், குளிர்காலம் நீண்ட ஒரு பீடபூமியில், லெ ஷாம்போன்-சூர்-லின்யோன் என்னும் ஊர் உள்ளது. கத்தோலிக்கர் பெரும்பான்மையினரான அத்தேசத்தில், ஹியூகெனாட் எனப்படும் சீர்திருத்தச் சபையாரின் சந்ததியார் திரளாய் வாழ்ந்த பகுதி அது. 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் நாந்த் சாசனத்தை ரத்துசெய்தபின், அவர்களுடைய முன்னோர் ஒரு நூற்றாண்டுக்காலம் ஒளிந்தே ஆராதித்தார்கள். மரி துரான் என்னும் பெண் 1730 முதல் 1768 வரை, 38 ஆண்டுகள், தென்பிரான்சின் ஒரு கோபுரத்தில் சிறையிருந்தாள். விசுவாசத்தை மறுதலித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். எதிர்த்து நிற்கும்படி கூறும் ஒற்றைச் சொல் அக்கோபுரத்தின் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதை அவளே செதுக்கினாள் என்பது மரபு.

இத்தகைய வரலாற்றைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஊர் அது. எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைத்து அந்நியனைச் சிநேகிக்கும்படி இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை (உபாகமம் 10:19) அவர்களுக்குப் புத்தகத்தின் சொல்லாக மட்டும் இருக்கவில்லை.

2. ஆவிக்குரிய ஆயுதங்கள்

1934-இல் ஆந்த்ரே த்ரோக்மே என்பவர் அச்சபைக்குப் போதகராக வந்தார். அவருடைய தாயார் ஜெர்மானியர். முதல் உலகப்போரின்போது ஜெர்மன் படையின் வசமிருந்த ஊரில் சிறுவனாய் வளர்ந்த அவர், கிறிஸ்துவின் நிமித்தம் ஆயுதம் தரிக்க மறுத்த ஒரு ஜெர்மன் படைவீரனைச் சந்தித்தார். சத்துருவின் சீருடைக்குள்ளும் ஒரு சகோதரன் இருக்கக்கூடும் என்று அன்று கற்றதை அவர் மறக்கவில்லை. 1938-இல் அவரும் உடன்போதகர் எடுவார் தேய்ஸும் சமாதானத்தைப் போதிக்கும் ஒரு பள்ளியை நிறுவினார்கள்.

1940 ஜூன் 22-இல் தோல்வியுற்ற பிரான்சு ஜெர்மனியோடு போர்நிறுத்த உடன்படிக்கை செய்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனச்சாட்சிக்கு விரோதமாய்ப் பலவந்தம் வரும்போது ஆவிக்குரிய ஆயுதங்களால் அதை எதிர்த்து நிற்பது கிறிஸ்தவரின் கடமை என்றும், அதைப் பயமின்றியும் பெருமையின்றியும் பகையின்றியும் செய்யவேண்டும் என்றும் இரு போதகர்களும் சபையின்முன் அறிவித்தார்கள். அச்செய்தி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடவில்லை. போதகர் குழுத்தலைவர்களோடு தவறாமல் கூடி வேதபகுதியை ஆராய்வார்; அவர்கள் அதைத் தங்கள் சிறுகுழுக்களுக்கு எடுத்துச்செல்வார்கள். இந்த வேதபாடக் குழுக்களே பின்னாளில் உதவியும் எச்சரிக்கையும் வீடுவீடாய்ப் பரவும் வழிகளாயின.

3. சிறிய மறுப்புகள்

விஷி நகரில் அமைந்த மார்ஷல் பெத்தேனின் அரசு, ஒவ்வொரு நாளும் மாணவர் கைநீட்டிக் கொடியை வணங்க வேண்டும் என்று பள்ளிகளுக்கு ஆணையிட்டது. ஆசிரியர் மார்ஷலுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவும் கட்டளை வந்தது. அப்பள்ளி பிரமாணத்துக்கு இணங்கவில்லை. கொடி வணக்கமும் ஆரவாரமின்றி நாளடைவில் நின்றுபோயிற்று.

அக்குளிர்காலத்தில் ஒரு மாலை, பனியில் நடுங்கியபடி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த ஒரு யூதப் பெண் போதகர் இல்லத்தின் கதவைத் தட்டினாள். போதகரின் மனைவி மாக்தா அவளை உள்ளே அழைத்து, அடுப்பருகே அமர்த்தி, உணவு கொடுத்தார். பின்பு அவளுக்கு உரிய அத்தாட்சிப் பத்திரம் பெறலாம் என்று எண்ணி ஊர்த்தலைவரிடம் சென்றார். ஊருக்கு ஆபத்து வரும், அவளை உடனே அனுப்பிவிடுங்கள் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அதிகாரத்திடம் கேட்பதால் அடைக்கலம் கிடைக்காது என்று அன்று அவர் அறிந்துகொண்டார். அதன்பின் வந்தவர்களுக்கு அனுமதி கேட்காமலே கதவு திறந்தது.

தென்பிரான்சின் தடுப்புமுகாம்களில் சென்று ஊழியம் செய்ய த்ரோக்மே விரும்பினார். முகாம்களிலிருந்து விடுவிக்கப்படும் பிள்ளைகளை ஏற்க ஓர் ஊர் தேவை என்று குவேக்கர் ஊழியர் அவருக்கு எடுத்துரைத்தார்கள். சபை சம்மதித்தது. குவேக்கர், சுவிஸ் உதவிச் சங்கத்தார் முதலியோரின் ஆதரவில் பிள்ளைகளுக்கான இல்லங்கள் எழுந்தன. சுற்றியுள்ள பண்ணைவீடுகளிலும் தங்க இடம் கிடைத்தது.

4. பெயர்ப்பட்டியல் கேட்கப்பட்ட நாள்

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸ் நகரில் சுமார் 13,000 யூதரைப் பிரெஞ்சுக் காவலரே பிடித்தார்கள். அடுத்த மாதம் விஷி அரசின் இளைஞர்துறைப் பொறுப்பாளர் லெ ஷாம்போனுக்கு வருகைதந்தார். மாணவர் சிலர் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரிஸில் நடந்ததை அறிவோம்; எங்கள் நடுவிலும் யூதர் இருக்கிறார்கள்; அவர்களை ஒப்புக்கொடுக்கும்படி கட்டளை வந்தால் கீழ்ப்படியமாட்டோம் என்பதே அதன் சாரம்.

சில வாரங்களில் காவலர் பேருந்துகளோடு வந்து, ஒளிந்திருப்போரின் பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். த்ரோக்மே கொடுக்க மறுத்தார். ஆடுகளைக் காட்டிக்கொடுப்பது மேய்ப்பனின் வேலை அல்ல என்பதே அவர் நிலைப்பாடு. அதற்குள் குழுத்தலைவர்கள் பண்ணைகளை எச்சரித்திருந்தார்கள். அடைக்கலம் புகுந்தோர் காடுகளுக்குள் சென்றுவிட்டார்கள். வாரக்கணக்கில் தேடியும் பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின. குற்றமில்லாத இரத்தம் தேசத்தில் சிந்தப்படாதபடி அடைக்கலப்பட்டணங்களை ஏற்படுத்தச் சொன்ன உபாகமப் பகுதியைத் த்ரோக்மே தம் ஊருக்குரிய கட்டளையாகவே வாசித்தார்.

5. விலையும் வேதனையும்

1943 பிப்ரவரியில் இரு போதகரும் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரும் கைதானார்கள். கைதுசெய்ய வந்த காவலரையும் மாக்தா உணவுக்கு அமரச்சொன்னார். ஊரார் வரிசையாய் வந்து தங்களுக்கே அரிதாயிருந்த பொருள்களைப் பரிசளித்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப்பின் விடுதலைப் பத்திரம் நீட்டப்பட்டது. அதில் மார்ஷலின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிவதாக ஒரு வரி இருந்தது. ஒரு கையொப்பம் போட்டால் வீடு. போதகர் இருவரும் மறுத்து முகாமுக்கே திரும்பினார்கள். எதிர்பாராவிதமாக மறுநாள் நிபந்தனையின்றி விடுவிக்கப்பட்டார்கள்.

எல்லாருக்கும் அப்படி முடியவில்லை. போதகரின் உறவினரான தானியேல் த்ரோக்மே மாணவர் இல்லம் ஒன்றின் பொறுப்பாளர். 1943 ஜூனில் ஜெர்மன் காவலர் அவ்வில்லத்தைச் சூழ்ந்தபோது தப்பிச்செல்ல வாய்ப்பிருந்தும், தம் மாணவரை விட்டுப்போக மனமின்றி அவர்களோடு பிடிபட்டார். 1944 ஏப்ரலில் மஜ்தானெக் முகாமில் மரித்தார்.

வேறொரு வேதனையும் இருந்தது. அடைக்கலம் வந்தோரைக் காக்கப் பொய்யான அடையாள அட்டைகளும் உணவு அட்டைகளும் தேவைப்பட்டன. உள்ளதை உள்ளதென்று சொல்லக் கற்பிக்கப்பட்ட மக்களுக்கு (மத்தேயு 5:37) அது இலேசான காரியம் அன்று. பார்வோனின் கட்டளையை மீறிய மருத்துவச்சிகளின் வரலாறு (யாத்திராகமம் 1:15–21) அவர்களைத் தேற்றியிருக்கலாம். ஆயினும் பொய்யின் பாரத்தைத் த்ரோக்மே இறுதிவரை உணர்ந்தார். உயிரைக் காக்கும்போதும் மனச்சாட்சி மழுங்காதிருப்பதே அவர்கள் விசுவாசத்தின் உண்மைக்கு அடையாளம்.

அப்பீடபூமி முழுவதிலும் அடைக்கலம் பெற்றோர் சுமார் 5,000 பேர், அவர்களில் யூதர் ஏறக்குறைய 3,500 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆய்வாளர் சிலர் இதனினும் குறைவாகக் கணிக்கிறார்கள். 1990-இல் இஸ்ரவேலின் யாத் வஷேம் நிறுவனம் அவ்வூரையும் சுற்றுவட்டாரத்தையும் கௌரவித்தது. தாங்கள் வீரச்செயல் ஏதும் செய்யவில்லை என்றே ஊரார் கூறிவந்தார்கள்.

கற்கவேண்டிய பாடம்

அவ்வடக்கமான சொல்லில் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெயர்ப்பட்டியல் கேட்கப்பட்ட நாளில் அச்சபை புதிதாக எதையும் தீர்மானிக்கவில்லை. பிரமாணத்துக்கு இணங்காதவர்கள் பட்டியலையும் கொடுக்கவில்லை. ஒருத்திக்குக் கதவைத் திறந்தவர்கள் ஆயிரம்பேருக்கும் திறந்தார்கள். கொஞ்சத்தில் உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாய் இருப்பான் என்னும் போதனை (லூக்கா 16:10) பணத்தைப்போலவே தைரியத்துக்கும் பொருந்தும். பொய்க்கணக்கில் கையொப்பம் கேட்கப்படும் அலுவலகத்திலும், அயலானை இழிவாய்ப் பேசி நகைக்கும் கூட்டத்திலும் இன்று மௌனமாய் இணங்குகிற விசுவாசிக்குப் பெரிய சோதனைநாளில் திடீரென்று பெலன் உண்டாகாது.

அவர்களுடைய எதிர்ப்பில் பகை கலக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவர்கள் காவலருக்கும் உணவளித்தார்கள். அதேவேளையில் தேவசாயலான மனிதனை அவர்கள் கையில் ஒப்புக்கொடுக்க மறுத்தார்கள். கீழ்ப்படிதலின் எல்லை அங்கேதான் வரையப்பட்டிருக்கிறது.

சிந்தனைக்கு

1. நல்ல சமாரியன் உவமையில் "பிறன்" யார் என்ற வினாவை இயேசு எவ்வாறு மாற்றினார்? லெ ஷாம்போன் சபை அதை எவ்வாறு புரிந்துகொண்டது?

2. அதிகாரத்தை மதிப்பதும் அநீதிக்கு உடன்பட மறுப்பதும் ஒருங்கே எவ்வாறு கூடும்? ரோமர் 13, அப்போஸ்தலர் 5 ஆகிய இரண்டையும் இணைத்து வாசிக்கவும்.

3. இந்த வாரத்தில் விசுவாசி ஒருவர் செய்யக்கூடிய சிறிய மறுப்பு எது? திறக்கக்கூடிய கதவு எது?